மூப்பைப் பிறப்பாகப் படித்த காலம்: சிறுநிறை, நடுநிறை விண்மீன்களின் இறுதிக்கட்டம் அறியப்பட்ட வரலாறு

சூரியனும், சூரியனைவிடச் சில மடங்கு நிறை கூடிய விண்மீன்களும், தம் மையத்திலுள்ள ஹைட்ரஜன் எரிந்து தீர்ந்தபின் பெருத்துச் சிவந்து, புறப்பொருளைச் சுற்றுவெளியில் இழந்து, இறுதியில் பூமியின் அளவேயுள்ள அடர்ந்த வெண்ணிறக் கருவாக எஞ்சுகின்றன என்பது இன்று பாடநூல்கள் கூறும் செய்தியாகும். இவ்வளர்ச்சியின் ஒவ்வொரு கட்டத்தையும் வானியலார் வெகுகாலத்திற்கு முன்பே கண்டிருந்தனர்: சிவந்து பெருத்த விண்மீன் 1596இலும், வீசப்பட்ட புறப்பொருள் 1764இலும், எஞ்சிய கரு 1783இலும் காட்சிக்கு வந்துவிட்டன. ஆயினும் இம்மூன்றும் ஒரே விண்மீனின் மூன்று வயதுகள் என்பது 1956 வரை தெளிவாக எழுதப்படவில்லை. காட்சிக்கும் விளக்கத்திற்கும் இடையே நின்ற இந்த நீண்ட இடைவெளியை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். கருவிகளின் போதாமை அதற்கு ஒரு காரணம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அதைவிட வலுவாகத் தடுத்து நின்றவை, பெரும்பாலோர் கேள்வியின்றி ஏற்றிருந்த இரு முற்கோள்கள். விண்மீனின் உட்பொருள் இடையறாது கலந்து முழுதும் ஒரே தன்மையுடன் இருக்கும் என்பது ஒன்று. விண்மீன் தன் வாழ்நாள் முழுவதும் ஏறத்தாழ மாறாத நிறையுடன் இருக்கும் என்பது மற்றொன்று. முதலாவது 1938க்கும் 1955க்கும் இடையிலும், இரண்டாவது 1956க்கும் 1978க்கும் இடையிலும் வீழ்ந்தன. அவை வீழ்ந்த வரிசையிலேயே விண்மீன்களின் முதுமையும் புலப்பட்டது.

இங்கு பேசப்படும் விண்மீன்கள் சூரிய நிறையில் ஏறத்தாழ 0.8 மடங்கிலிருந்து 8 மடங்கு வரை கொண்டவை. 0.8க்குக் கீழ்ப்பட்டவை தம் ஹைட்ரஜனை மிக மெதுவாகச் செலவிடுவதால், 1,380 கோடி ஆண்டு வயதுடைய பேரண்டத்தில் அவற்றுள் எதுவும் இன்னும் முதுமையை எட்டவில்லை. 8க்கு மேற்பட்டவை பெரும்பாலும் சூப்பர்நோவாவாக வெடித்து முடிகின்றன. வானில் இதுவரை முதுமையை எட்டியவற்றுள் மிகப் பெரும்பான்மை இவ்விரு எல்லைகளுக்கும் இடைப்பட்டவையே என்பதால், அவற்றின் கதை விண்மீன்களின் பொதுக் கதை என்றே கொள்ளத்தக்கது.

தொடர்பறியாத மூன்று காட்சிகள்

1596 ஆகஸ்ட் மாதத்தில் டேவிட் ஃபாப்ரிசியுஸ் என்னும் ஜெர்மானியப் பாதிரியார், திமிங்கில விண்மீன் குழுவில் முன்பு குறிக்கப்படாத ஒரு விண்மீனைக் கண்டார். சில வாரங்களில் அது மங்கி மறைந்தது. 1638இல் ஹோல்வர்டா அது ஏறத்தாழப் பதினொரு மாதத்திற்கு ஒருமுறை மீண்டும் ஒளிர்வதை நிறுவினார். பின்னர் ஹெவேலியுஸ் அதற்கு மீரா என்று பெயரிட்டார். நீண்ட காலவட்டத்தில் ஒளி கூடிக் குறையும் இத்தகைய செந்நிற விண்மீன்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒவ்வொன்றாகப் பட்டியலில் சேர்ந்தன. அப்பட்டியலில் சென்னைக்கும் ஓர் இடம் உண்டு. நுங்கம்பாக்கத்தில் இருந்த சென்னை வானாய்வகத்தில், நார்மன் போக்சனின் கீழ்ப் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி, தென்வானில் உள்ள வலை விண்மீன் குழுவைச் சேர்ந்த ஒரு விண்மீனின் ஒளி மாறுவதை 1867இல் கண்டறிந்தார். இன்று ஆர் ரெட்டிகுலை எனப்படும் அது, சுமார் 280 நாள் காலவட்டமுடைய மீரா வகை விண்மீன். வாழ்நாளின் கடைசிக் கட்டங்களுள் ஒன்றில் நிற்கும் விண்மீன் அது என்பதை அக்காலத்தில் சென்னையிலோ லண்டனிலோ எவரும் அறிந்திருக்க வழியில்லை. ஒளி மாறுகிறது என்பதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்வதற்கான இயற்பியல் அன்று பிறக்கவே இல்லை.

இரண்டாவது காட்சி நெபுலாக்கள், அதாவது முகில்போல் பரந்து தெரியும் ஒளித்திட்டுகள். அவற்றுள் சிறு வட்டமாக, கோளின் முகத்தை ஒத்துத் தெரிந்தவற்றை வில்லியம் ஹெர்ஷெல் 1780களில் கோள்வடிவ நெபுலாக்கள் எனத் தனி வகையாகப் பிரித்தார். சார்ல் மெசியே 1764இல் குறித்த இருபத்தேழாம் பொருளும், 1779இல் கண்டறியப்பட்ட வளைய நெபுலாவும் இவ்வகையைச் சேர்ந்தவை. எல்லா நெபுலாக்களும் தொலைவால் பிரித்தறிய இயலாத விண்மீன் கூட்டங்களே என்று முதலில் கருதியிருந்த ஹெர்ஷெலின் எண்ணத்தை 1790 நவம்பர் 13ஆம் நாள் இரவு மாற்றியது. அன்று இடப விண்மீன் குழுவில், இப்போது என்.ஜி.சி. 1514 என எண்ணிடப்பட்டுள்ள பொருளில், ஒரு விண்மீனும் அதைச் சுற்றி எல்லாப் பக்கமும் சமமாகப் பரந்த மங்கலான ஒளிவட்டமும் அவருக்குத் தெரிந்தன. விண்மீன் வட்டத்தின் நடுவில் பிசகின்றி நின்றதால், இரண்டும் தற்செயலாக ஒரே திசையில் தெரியும் வேறு பொருள்களாக இருக்க முடியாது. ஒளிவட்டம் விண்மீன்களால் ஆனதென்றால் ஒன்று நடுவிலுள்ளது பிற விண்மீன்களை எல்லாம் மிஞ்சிய பேருரு, அல்லது சுற்றியுள்ளவை விண்மீன் என்று சொல்லத் தகாத அளவு சிறியவை என்றாக வேண்டும். இரண்டையும் ஏற்க மறுத்த ஹெர்ஷெல், அது விண்மீன் அல்லாத ஒளிரும் பொருளே என்று முடிவு செய்தார். முடிவு சரியானது. ஆனால் அந்தப் பொருள் திரண்டு விண்மீனாக உருவாகிறது என்று அவர் மேலும் கொண்டது, உண்மைக்கு நேர் எதிரான திசை. கண்முன் நின்ற சான்றிலிருந்து இவ்வளவு நேர்த்தியாகச் சிந்தித்த ஒருவருக்கும் காலத்தின் திசை மட்டும் பிடிபடாமல் போனது இவ்வரலாற்றில் கருதத்தக்கது. நிலைத்த ஒரு காட்சி, தான் தொடக்கமா முடிவா என்பதைத் தானே சொல்வதில்லை.

ஹெர்ஷெல் ஊகித்த ஒளிரும் பொருளை வாயு என்று நிறுவியவர் வில்லியம் ஹக்கின்ஸ். 1864 ஆகஸ்ட் 29இல் லண்டனின் தென்பகுதியில் தம் சொந்த ஆய்வகத்தில், டிராகோ விண்மீன் குழுவிலுள்ள ஒரு கோள்வடிவ நெபுலாவின் ஒளியை நிறமாலைமானியால் பிரித்துப் பார்த்தபோது, விண்மீன்களுக்குரிய தொடர்ந்த வண்ணப்பட்டை காணப்படவில்லை; தனித்த ஒளிக்கோடுகளே தெரிந்தன. அடர்த்தி குறைந்த சூடான வாயுவே அவ்வாறு ஒளிரும். அக்கோடுகளுள் ஒன்று ஹைட்ரஜனுக்கு உரியது. மிகப் பிரகாசமான இரண்டு பச்சைக் கோடுகள் எந்தத் தனிமத்தோடும் பொருந்தாததால், நெபுலியம் என்னும் புதுத் தனிமம் ஒன்று கற்பிக்கப்பட்டு, பல பத்தாண்டுகள் அது நூல்களில் வாழ்ந்தது. 1927இல் அயரா போவன் அவை இரண்டு எலெக்ட்ரான்களை இழந்த ஆக்ஸிஜனிலிருந்து வருவன என்றும், பூமியின் ஆய்வகங்களில் எட்ட முடியாத அளவு வாயு மெலிந்திருக்கும் இடத்திலேயே அவை வலுவாகத் தோன்றும் என்றும் காட்டினார். அதே ஆண்டில் ஹெர்மன் ஸான்ஸ்ட்ரா, நெபுலா ஒளிர்வதற்கு நடுவிலுள்ள விண்மீனின் புறஊதா ஒளியே காரணம் என விளக்கியதன் மூலம், அந்நடு விண்மீன் சூரியனைவிடப் பன்மடங்கு வெப்பமானது என்று கணக்கிட வழிசெய்தார்.

மூன்றாவது காட்சி எல்லாவற்றிலும் எளிதில் தவறவிடக்கூடியது. எரிடானுஸ் விண்மீன் குழுவிலுள்ள 40ஆம் விண்மீனுக்கு மங்கலான துணை ஒன்று இருப்பதை ஹெர்ஷெல் 1783இல் குறித்தார். சிரியஸுக்குக் கண்ணுக்குத் தெரியாத துணை ஒன்று உண்டு என்று அதன் இயக்கத்திலுள்ள அசைவைக் கொண்டு பெஸ்ஸல் 1844இல் அறிவித்ததை, 1862 ஜனவரி 31இல் ஆல்வன் கிரஹாம் கிளார்க் தொலைநோக்கியில் கண்டு மெய்ப்பித்தார். இவை மங்கலானவை ஆதலால் குளிர்ந்து சிவந்திருக்கும் என எதிர்பார்த்தது இயல்பு. ஆனால் 40 எரிடானியின் துணை வெண்ணிற வெப்ப விண்மீன்களின் நிறமாலை உடையது என்பதை ஹார்வர்டில் வில்லியமினா ஃபிளெமிங்கின் பதிவுகள் 1910இல் காட்டின. 1915இல் வால்டர் ஆடம்ஸ் சிரியஸின் துணையையும் அவ்வாறே கண்டார். வெப்பமான பரப்பு ஒவ்வொரு சதுர மீட்டரிலும் மிகுந்த ஒளியை வீசும். அவ்வாறிருந்தும் மொத்த ஒளி குறைவு என்றால் பரப்பளவே மிகச் சிறியதாக இருக்க வேண்டும். சூரிய நிறையைப் பூமியின் அளவில் அடக்கிய இப்பொருள்களுக்கு வெண்குறுமீன் என்னும் கருத்தில் லைட்டன் 1922இல் பெயர் சூட்டினார்.

ரஸ்ஸலின் வரிசையும் அதன் வீழ்ச்சியும்

ஒரே நிறமுடைய செந்நிற விண்மீன்களுள் ஒளி மிகுந்த பெரியவை ஒரு பிரிவு, ஒளி குன்றிய சிறியவை மற்றொரு பிரிவு என்று ஐனார் ஹெர்ட்ஸ்ஸ்ப்ரங் 1905இல் காட்டினார். 1913இல் ஹென்றி நாரிஸ் ரஸ்ஸல், நிறமாலை வகையையும் ஒளிர்திறனையும் இரு அச்சுகளாக்கி விண்மீன்களைப் புள்ளிகளாக இட்டபோது, பெரும்பாலானவை மேல் இடப்பக்கத்திலிருந்து கீழ் வலப்பக்கம் வரை சாய்ந்தோடும் ஒரு பட்டையில் விழுந்தன. அதுவே முதன்மை வரிசை. வலப்பக்கத்தின் மேற்பகுதியில் தனியே நின்றவை செம்பெருமீன்கள். இப்படத்தை வாழ்க்கை வரலாறாக வாசிக்க ரஸ்ஸல் முயன்றார். சுருங்கும் வாயுக்கோளம் வெப்பமடையும் என்று ஜோனதன் ஹோமர் லேன் 1870இல் நிறுவிய விதியைப் பற்றி, விண்மீன் பெருத்த செம்பெருமீனாகப் பிறந்து, சுருங்கிச் சூடேறி முதன்மை வரிசையின் உச்சியை அடைந்து, வாயுவின் இயல்பை இழக்கும் அளவு அடர்ந்தபின், குளிர்ந்துகொண்டே அவ்வரிசையில் இறங்கிச் செந்நிறக் குறுமீனாக அணைகிறது என்று அவர் கருதினார். இவ்வரிசையில் மீரா ஓர் இளங்குழந்தை. சூரியன் இறங்குமுகத்திலுள்ள முதியவன்.

இவ்விளக்கம் எளிமையும் அழகும் உடையது, அக்காலத்தில் பரவலாகக் கொள்ளப்பட்ட ஆற்றல் மூலமான ஈர்ப்புச் சுருக்கத்தோடு முற்றும் இசைந்தது. ஆகவே அதைப் பிழை என்று மட்டும் சொல்லி ஒதுக்குவது நியாயமாகாது. அதை முறித்தது 1924இல் ஆர்தர் எடிங்டன் கண்ட உறவு. முதன்மை வரிசை விண்மீன்களும் செம்பெருமீன்களைப் போலவே முழுக்க வாயுவாக நடந்துகொள்கின்றன, அவற்றின் ஒளிர்திறன் நிறையைப் பொறுத்து அமைகிறது என்று அவர் காட்டியதும், அடர்த்தியால் வாயு இயல்பு கெட்டுக் குளிர்ச்சி தொடங்குகிறது என்ற ரஸ்ஸலின் இரண்டாம் பாதி ஆதாரமற்றுப் போனது. மறு ஆண்டே, மேக்நாத் சாஹாவின் அயனியாக்கக் கோட்பாட்டைக் கையாண்டு சிசிலியா பெயின் விண்மீன்களில் ஹைட்ரஜனே மிகப் பெருமளவு உள்ளது என்று முனைவர் பட்ட ஆய்வில் கண்டார். ரஸ்ஸல் முதலில் அதை நம்ப மறுத்து, 1929இல் தம் சொந்தக் கணக்கின் வழியே ஏற்றார். எரிபொருள் தெரிந்தது, எரியும் முறையை 1939இல் ஹான்ஸ் பெத்தே விளக்கினார். நான்கு ஹைட்ரஜன் கருக்கள் சேர்ந்து ஒரு ஹீலியம் கருவாகும்போது இழக்கப்படும் சிறு நிறை ஆற்றலாகிறது. அவ்வாற்றலைக் கொண்டு சூரியன் 1,000 கோடி ஆண்டு அளவில் முதன்மை வரிசையில் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்க முடியும்.

இதற்கிடையே கோள்வடிவ நெபுலாக்களும் தொடக்கக்கால விளக்கத்திற்கு இடம்கொடாமல் நின்றன. லிக் வானாய்வகம் 1918இல் வெளியிட்ட பெருந்தொகுதியில் ஹீபர் கர்டிஸின் வரைபடங்களும் படங்களும், கேம்ப்பெல், மூர் இருவரின் திசைவேக அளவீடுகளும் அடங்கியிருந்தன. பிறந்து சில காலமே ஆன வெப்ப விண்மீன்கள் மெதுவாக நகர, இந்நெபுலாக்களோ வெகு விரைவாக நகர்ந்தன. எண்ணிக்கையிலும் அவை அரியவையாக இருந்தன. பிறப்புக்குரிய கட்டம் இவ்வளவு அரிதாகவும், பிறந்த பிள்ளைகளின் இயக்கத்தோடு பொருந்தாததாகவும் இருப்பது எப்படி என்ற வினா, விடையின்றி அப்போதைக்கு நின்றுவிட்டது.

கப்பலில் எழுந்த எல்லை

வெண்குறுமீன் ஏன் தன் எடையால் நொறுங்காமல் நிற்கிறது என்பதற்கு 1926இல் ரால்ஃப் ஃபவுலர் விடை தந்தார். ஒரே நிலையில் இரு எலெக்ட்ரான்கள் இருக்க முடியாது என்ற குவாண்டம் விதியின்படி, நெருக்கி அடைக்கப்பட்ட எலெக்ட்ரான்கள் மேலும் மேலும் உயர்ந்த வேகங்களை ஏற்க வேண்டியதாகிறது. அதனால் விளையும் அழுத்தம் வெப்பநிலையைச் சார்ந்ததல்ல, ஆதலால் விண்மீன் குளிர்ந்தாலும் அது குறைவதில்லை. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர், 1928இல் சென்னைக்கு வந்த ஆர்னால்ட் சோமர்ஃபெல்டிடமிருந்து இப்புதிய புள்ளியியலைப் பற்றி அறிந்து, மாணவராக இருந்தபோதே அதில் ஆய்வுரை எழுதியவர். 1930இல் பம்பாயிலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலில் செல்கையில், எலெக்ட்ரான்களின் வேகம் ஒளியின் வேகத்தை நெருங்குவதால் சார்பியல் கொள்கையையும் சேர்த்தாக வேண்டும் என்று அவர் கண்டார். சேர்த்தபோது அழுத்தம் ஓர் அளவுக்கு மேல் ஈர்ப்பை ஈடுகட்ட இயலாமல் போவது தெரிந்தது. வில்ஹெல்ம் ஆண்டர்சனும் எட்மண்ட் ஸ்டோனரும் வேறு வழிகளில் இதே திசையில் சென்றிருந்தனர்; ஆயினும் விண்மீனின் முழு அமைப்பையும் கணக்கிட்டு எல்லையை உறுதி செய்தவர் சந்திரசேகர். சூரிய நிறையில் 1.44 மடங்கு என்று இன்று குறிக்கப்படும் அவ்வெல்லைக்கு மேல் வெண்குறுமீன் நிலைக்க முடியாது. 1935 ஜனவரி 11இல் அரச வானியல் கழகக் கூட்டத்தில் எடிங்டன் இதைக் கடுமையாக மறுத்தது பலமுறை எழுதப்பட்ட நிகழ்ச்சி. அதன் மனிதத் துயரத்தைவிட இங்கு கருதவேண்டியது, எல்லைக்குள் மறைந்திருந்த ஒரு கேள்வி: 1.44க்கு மேற்பட்ட நிறையுடன் பிறக்கும் எண்ணற்ற விண்மீன்கள் என்ன ஆகின்றன? நிறை மாறாது என்ற முற்கோள் நின்றவரை, அவற்றுள் எதுவும் வெண்குறுமீன் ஆக முடியாது. இதன் விடை பிறகு விண்மீன் கொத்துகளிலிருந்து வந்தது.

கலவாத மையம்

சுழலும் விண்மீனின் உள்ளே மெல்லிய நீரோட்டம்போன்ற சுற்றோட்டம் எழுந்து பொருளைக் கலக்கும் என்று எடிங்டன் கருதியிருந்தார். அவ்வாறு முழுதும் கலந்த விண்மீன், ஹைட்ரஜன் குறையக் குறையச் சூடேறுமே தவிரச் செம்பெருமீனாகப் பெருக்க வழியில்லை. எஸ்தோனியாவின் டார்ட்டு வானாய்வகத்தில் எர்ன்ஸ்ட் ஓப்பிக் 1938இல் வெளியிட்ட ஆய்வு இம்முற்கோளைக் கைவிட்டது. கலப்பு நிகழாவிடில் எரிந்த ஹீலியம் மையத்திலேயே தங்கும். ஹைட்ரஜன் அம்மையத்தைச் சூழ்ந்த மெல்லிய ஓட்டில் எரியும். உள்ளே மையம் சுருங்க, வெளியே உறை பெருத்துக் குளிர்ந்து சிவக்கும். செம்பெருமீனின் முழு விளக்கமும் கருவளவில் இங்கே உள்ளது. சிறிய வானாய்வகம் ஒன்றின் வெளியீட்டுத் தொடரில், பெரும் போரின் வாசலில் வெளிவந்ததால் இது உரிய கவனம் பெறவில்லை. தகுதியால் ரஸ்ஸலின் படத்துக்கு அடுத்து வைக்கவேண்டிய நூல் இது.

1942இல் பிரேசில் நாட்டு மாரியோ ஷென்பெர்க்கும் சந்திரசேகரும், எரிபொருளற்று ஒரே வெப்பநிலையில் இருக்கும் ஹீலிய மையம், விண்மீனின் மொத்த நிறையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கை மீறினால் மேலுள்ள எடையைத் தாங்காது என்று காட்டினர். மீறியதும் அது விரைவாகச் சுருங்கும். எடிங்டன் கூறிய சுற்றோட்டம் விண்மீனின் வாழ்நாளுக்குள் கலப்பு நிகழ்த்தப் போதுமான வேகமுடையதன்று என்று பீட்டர் ஸ்வீட் 1950இல் கணக்கிட்டதும், கலவாத மையத்திற்கு எதிரான கடைசி வலுவான மறுப்பும் நீங்கியது.

காட்சிச் சான்று கோளக் கொத்துகளிலிருந்து வந்தது. இலட்சக்கணக்கான விண்மீன்கள் ஒரே காலத்தில், ஒரே பொருளிலிருந்து, ஏறத்தாழ ஒரே தொலைவில் அமைந்த கூட்டம் கோளக் கொத்து. ஆகவே அதன் உறுப்புகள் நிறையால் மட்டுமே வேறுபடுகின்றன. பாலோமரின் 200 அங்குலத் தொலைநோக்கி இயங்கத் தொடங்கியபின், ஆலன் சாண்டேஜ், ஹால்டன் ஆர்ப், வில்லியம் பாம் ஆகியோர் மெசியே 92, மெசியே 3 ஆகிய கொத்துகளின் மங்கலான விண்மீன்கள் வரை ஒளியளந்தனர். முதன்மை வரிசை ஓரிடத்தில் முடிந்து, அங்கிருந்து வலப்பக்கம் வளைந்து, இடைவெளியின்றிச் செம்பெருமீன் கிளையாக மேலேறுவது 1952, 1953 ஆண்டுகளின் படங்களில் துலங்கியது. முதன்மை வரிசையின் மேற்பகுதியில் இருக்கவேண்டிய கனத்த விண்மீன்கள் அங்கில்லை. அவை கிளையில் ஏறிவிட்டன. ரஸ்ஸல் மேலிருந்து கீழாக வாசித்த படத்தைக் கீழிருந்து மேலாக வாசிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நேரடியான சான்று கிடைத்திருக்க முடியாது. 1952இல் சாண்டேஜும் மார்ட்டின் ஷ்வார்ட்ஸ்ஷில்டும், 1955இல் ஃபிரெட் ஹாயிலும் ஷ்வார்ட்ஸ்ஷில்டும் சுருங்கும் மையத்தோடு கூடிய மாதிரிகளைக் கணக்கிட்டு அக்கிளையின் வடிவத்தை மீட்டெடுத்தனர். பிற்காலத்தில், 2011இல், கெப்ளர் விண்கலம் அளந்த ஒளியதிர்வுகளைக் கொண்டு, ஓட்டில் ஹைட்ரஜன் எரிக்கும் செம்பெருமீனையும் மையத்தில் ஹீலியம் எரிக்கும் செம்பெருமீனையும் பிரித்தறியத் திமதி பெடிங் குழுவினரால் இயன்றது; ஓப்பிக் கற்பனையில் கண்ட மையம் அளவீட்டுக்குள் வந்துவிட்டது.

ஹீலியமும் டெக்னீஷியமும்

சுருங்கும் மையத்தின் வெப்பநிலை 10 கோடி கெல்வின் அளவை எட்டும்போது என்ன நேரும் என்பதை ஓப்பிக் 1951இலும், அவரை அறியாமலே எட்வின் சால்பீட்டர் 1952இலும் எழுதினர்: மூன்று ஹீலியம் கருக்கள் இணைந்து ஒரு கார்பன் கருவாகும். இவ்வினை போதிய வேகத்தில் நிகழ, கார்பன் கருவுக்கு 76 இலட்சம் எலெக்ட்ரான் வோல்ட்டை ஒட்டிய ஒரு கிளர்நிலை இருந்தாக வேண்டும் என்று ஹாயில் வாதிட்டதும், 1953இல் கலிபோர்னியத் தொழில்நுட்பக் கழகத்தில் வார்ட் வேலிங் குழுவினர் அதைத் தேடிக் கண்டதும் அணுக்கரு இயற்பியலும் வானியலும் கைகோத்த அரிய தருணம். நிறை குறைந்த விண்மீன்களில் மையம் எலெக்ட்ரான் அழுத்தத்தால் தாங்கப்படுவதால், எரிப்பு தொடங்கினாலும் மையம் விரிந்து தன்னைக் குளிர்வித்துக்கொள்ள இயலாது. வெப்பம் ஏற எரிப்பும் ஏறி, சில நொடிகள் ஒரு விண்மீன் மண்டலத்துக்கு நிகரான ஆற்றல் வெளிப்படுகிறது. இந்த ஹீலிய மின்னெரிப்பை ஷ்வார்ட்ஸ்ஷில்டும் ரிச்சர்ட் ஹேர்மும் 1962இல் கணினியில் பின்தொடர்ந்தனர். அவ்வளவு ஆற்றலும் மேலுள்ள பொருளை உயர்த்துவதில் செலவாகிவிடுவதால் வெளியே எதுவும் தெரிவதில்லை.

மைய ஹீலியமும் தீர்ந்தபின் விண்மீன் இரண்டாம் முறை செம்பெருமீனாக ஏறுகிறது. கார்பனும் ஆக்ஸிஜனும் கொண்ட கரு, அதைச் சுற்றி ஹீலிய ஓடு, அதற்கு வெளியே ஹைட்ரஜன் ஓடு என்னும் இவ்வமைப்பே மீராவின் உள்ளமைப்பு. 1965இல் ஷ்வார்ட்ஸ்ஷில்டும் ஹேர்மும் ஹீலிய ஓடு சீராக எரிவதில்லை, பல்லாயிரம் ஆண்டுகளுக்கு ஒருமுறை திடீரென எரிந்து அடங்குகிறது என்று கண்டனர். ஆல்ஃபிரெட் வைகெர்ட்டும் மறு ஆண்டு அதையே கண்டார். இத்துடிப்புகளை ஒட்டி உருவாகும் நியூட்ரான்கள் இரும்பு போன்ற கருக்களில் ஒவ்வொன்றாக ஏறி, சிர்க்கோனியம், பேரியம் முதலிய கனத்த தனிமங்களை ஆக்குகின்றன; துடிப்புக்குப்பின் உறையின் கொதியோட்டம் உள்ளே இறங்கி அவற்றையும் கார்பனையும் மேலே கொணர்கிறது.

இதற்கான சான்று, விளக்கம் வருமுன்பே கையில் இருந்தது. 1952இல் மவுண்ட் வில்சன் வானாய்வகத்தின் பால் மெரில், மீரா வகையைச் சார்ந்த சில விண்மீன்களின் நிறமாலையில் டெக்னீஷியத்தின் கோடுகளைக் கண்டார். டெக்னீஷியத்திற்கு நிலையான வடிவம் ஏதுமில்லை. 1937இல் செயற்கையாகவே அது முதலில் அடையாளம் காணப்பட்டது. விண்மீன்களில் உருவாகும் அதன் வடிவம் ஏறத்தாழ 2 இலட்சம் ஆண்டுகளில் பாதியாகச் சிதைந்துவிடும். பல நூறு கோடி ஆண்டு வயதான விண்மீனின் பரப்பில் அது தெரிகிறது என்றால், அண்மையில் அந்த விண்மீனுக்குள்ளேயே அது உருவாகி மேலே வந்திருக்க வேண்டும். தனிமங்கள் அனைத்தும் பேரண்டத்தின் தொடக்கத்திலேயே ஆகிவிட்டன என்ற கருத்தை ஒரு சில மெல்லிய கோடுகள் அசைத்துவிட்டன. 1957இல் பர்பிட்ஜ் இணையர், வில்லியம் ஃபவுலர், ஹாயில் நால்வரும் எழுதிய தனிமத் தோற்ற ஆய்வுரைக்கு இச்சான்று முதன்மையான தூண்களுள் ஒன்றாயிற்று.

இழக்கப்படும் நிறை

இரண்டாம் முற்கோளை அசைத்த காட்சி ஹெர்குலிஸ் விண்மீன் குழுவிலுள்ள ஓர் இரட்டை விண்மீனில் கிடைத்தது. ஆல்ஃபா ஹெர்குலிஸின் முதன்மை உறுப்பு ஒரு செம்பெருமீன். அதன் முன்னுள்ள குளிர்ந்த வாயு, பார்ப்பவரை நோக்கி நொடிக்கு 10 கிலோமீட்டர் அளவில் வருவதைக் குறிக்கும் உறிஞ்சுகோடுகள் அதன் நிறமாலையில் உண்டு. இவ்வாயு பரப்பிலிருந்து எழுந்து மீண்டும் விழுவதாகவும் இருக்கலாம். 1956இல் ஆர்மின் டாய்ச், வெகுதொலைவில் சுற்றும் துணையின் நிறமாலையிலும் அதே கோடுகள் இருப்பதைக் காட்டினார். துணை வேறு வகை விண்மீன். அக்கோடுகள் அதனுடையவை அல்ல. ஆகவே செம்பெருமீனின் வாயு துணையையும் கடந்து பரந்துள்ளது. அவ்வளவு தொலைவில் ஈர்ப்பு மிகவும் தளர்ந்துவிடுவதால், நொடிக்கு 10 கிலோமீட்டர் தப்பிச் செல்லப் போதுமானது. வாயு திரும்புவதில்லை.

அதே 1956இல் மாஸ்கோவில் யோசிஃப் ஷ்க்லோவ்ஸ்கி, கோள்வடிவ நெபுலாவுக்கு முன்னும் பின்னும் என்ன இருக்கும் என்ற கேள்வியை எழுப்பினார். நொடிக்கு 20 கிலோமீட்டர் அளவில் விரியும் நெபுலா சில பத்தாயிரம் ஆண்டுகளில் கரைந்துவிடும். அவை அரியவையாக இருப்பதன் காரணம் இந்தக் குறுகிய ஆயுளே. கரைந்தபின் எஞ்சும் நடு விண்மீன் சிறியது, வெப்பமானது, எரிபொருளற்றது. அது குளிர்ந்தால் வெண்குறுமீன் அன்றி வேறொன்றும் ஆகாது. பின்னோக்கிப் பார்த்தால், மெல்ல விரியும் அந்த உறையைப் பெற்றிருக்கக்கூடியது செம்பெருமீனே. கர்டிஸ் காலத்திலிருந்து நின்ற திசைவேகப் புதிரும் இதில் தீர்ந்தது: விரைந்து நகர்வன பழைய விண்மீன்கள். ஹெர்ஷெலின் தலைமுறை பிறப்பு என்று கண்டதை முடிவு என்று ஷ்க்லோவ்ஸ்கி திருப்பி வைத்தார். மூன்று காட்சிகளும் முதன்முறையாக ஒரே வரலாற்றில் சேர்ந்தன.

எவ்வளவு நிறை இழக்கப்படுகிறது என்பதைக் கொத்துகளே சொல்லின. கார்த்திகைக் கூட்டம் ஏறத்தாழ 10 கோடி ஆண்டு இளமையுடையது. சூரியனைப்போல் நான்கைந்து மடங்கு நிறையுள்ள விண்மீன்கள்கூட அதில் இன்னும் முதன்மை வரிசையை விட்டுத் தொலைவில் செல்லவில்லை. எனினும் அதில் ஒரு வெண்குறுமீன் உள்ளது. நிறை மிகுந்தவையே முன்னதாக மூப்படையும் என்பதால், அதன் தாய் விண்மீன் இப்போது எஞ்சியவற்றைவிடக் கனமாக இருந்திருக்க வேண்டும். சந்திரசேகர் எல்லையின்படி எஞ்சிய கருவோ 1.44க்குக் கீழே இருந்தாக வேண்டும். இடைப்பட்ட பெரும்பங்கு வெளியேறிவிட்டது என்பதைத் தவிர வேறு முடிவுக்கு வழியில்லை. ரோகிணி விண்மீனின் திசையில் தெரியும் ஹயாடிஸ் கொத்தின் வெண்குறுமீன்களைக் கொண்டு 1965இல் ஆவரும் வுல்ஃபும் இதே வகையில் வாதிட்டனர். சந்திரசேகரின் எல்லைக்குள் மறைந்திருந்த கேள்விக்கு இதுவே விடை: 8 மடங்கு வரையுள்ள விண்மீன்கள் நிறையை இழந்து எல்லைக்குக் கீழே வந்துசேர்கின்றன.

1970ஐ ஒட்டிய ஆண்டுகளில் அகச்சிவப்புக் கருவிகள் இவ்விழப்பைக் கண்முன் காட்டின. மீரா வகை விண்மீன்களைச் சுற்றி சிலிக்கேட் தூசும், கார்பன் மிகுந்தவற்றைச் சுற்றி கரித்தூசும் சூழ்ந்திருப்பது தெரிந்தது. விண்மீனின் துடிப்பு வாயுவை மேலே தூக்க, குளிர்ந்த உயரத்தில் தூசு உறைய, அத்தூசின்மீது ஒளி விழுந்து தள்ள, தூசு வாயுவையும் இழுத்துக்கொண்டு வெளியேறுகிறது. கடைசிக் கட்டத்தில் இவ்வாறு இழக்கப்படுவது ஆண்டுக்குச் சூரிய நிறையில் இலட்சத்தில் ஒரு பங்கைத் தொடவும் கடக்கவும் கூடும். ஓடுகளில் எரிபொருள் தீர்வதற்கு முன்பே உறை தீர்ந்துபோவதால், விண்மீனின் ஆயுளை முடிப்பது எரிப்பன்று, இவ்வாறு வெளியே வீசும் காற்றே. 2007இல் கேலெக்ஸ் விண்கலம் மீராவின் பின்னே புறஊதா ஒளியில் 13 ஒளியாண்டு நீளமுள்ள வால் ஒன்றைப் படம்பிடித்தது. கடந்த 30,000 ஆண்டுகளில் அது உதிர்த்துவந்த பொருள் அது.

நெபுலா வடிவெடுக்கும் முறை

போஹ்தான் பச்சின்ஸ்கி 1970, 1971 ஆண்டுகளில், இக்கட்டத்து விண்மீனின் ஒளிர்திறன் அதன் கருவின் நிறையை மட்டுமே சார்ந்தது என்று காட்டி, உறை நீங்கிய கரு எவ்வளவு வேகமாக வெப்பமடையும் என்றும் கணக்கிட்டார். இருந்தும் ஓர் இடர் எஞ்சியது: செம்பெருமீனின் காற்று நொடிக்கு 10 கிலோமீட்டரில் மெல்லப் பரவுவது, நெபுலாவோ கூர்மையான விளிம்புடைய ஓடாக, அதைவிட வேகமாக விரிகிறது. 1978இல் சன் குவோக், கிறிஸ்டோபர் பர்ட்டன், பிம் ஃபிட்ஸ்ஜெரால்ட் ஆகியோர், கரு வெளிப்பட்டபின் அதிலிருந்து எழும் மிக வேகமான புதுக்காற்று முன்பு வீசிய மெதுவான காற்றைப் பின்னிருந்து மோதித் திரட்டுவதால் ஓடு உருவாகிறது என்று முன்மொழிந்தனர். அதே ஆண்டு ஏவப்பட்ட பன்னாட்டுப் புறஊதா ஆய்வுக்கலம், நடு விண்மீன்களிலிருந்து நொடிக்கு ஆயிரம் கிலோமீட்டரை மீறும் காற்று வீசுவதைப் பின்னர் உறுதி செய்தது. தனித்த ஓர் உமிழ்வாகக் கருதப்பட்டுவந்த நெபுலா, நீண்ட காலம் நடந்த இழப்பின் கடைசித் தடம் என்று புரிந்தது.

எஞ்சிய கருவின் நெடுங்காலக் குளிர்ச்சியை லியான் மெஸ்டல் 1952இலேயே கணித்திருந்தார். குளிரக் குளிர அதன் உட்பொருள் படிகமாக உறையும் என்று ஹியூ வான் ஹார்ன் 1968இல் முன்னுரைத்தது, கையா விண்கலம் அளந்த ஆயிரக்கணக்கான வெண்குறுமீன்களின் பரவலில், குளிர்ச்சி ஓரிடத்தில் தாமதப்படுவதாக 2019இல் தென்பட்டது.

வடிவம் பற்றிய கேள்வி இன்னும் திறந்தே உள்ளது. ஹபிள் தொலைநோக்கியின் படங்களில் கோளமாக அமைந்த நெபுலாக்கள் சிறுபான்மையே. பெரும்பாலானவை இரு மடல்களாகவும், சுருளாகவும், பல திசைத் தாரைகளாகவும் விரிகின்றன. கோளமான விண்மீன் தன் உறையைக் கோளமாக அன்றி வேறு வகையில் உதிர்ப்பதற்கு, கூடவே சுற்றும் துணை விண்மீனோ பெருங்கோளோ காரணம் என்ற கருத்து இப்போது வலுத்து நிற்கிறது. 2012இல் சிலியின் ஆல்மா தொலைநோக்கி ஆர் ஸ்கல்ப்டோரிஸ் என்னும் முதுவிண்மீனைச் சுற்றித் தூசும் வாயுவும் சுருளாகச் சுழன்று விரிவதைக் காட்டியபோது, காணப்படாத துணை ஒன்றின் சுற்றுப்பாதை அங்கே எழுதப்பட்டிருந்தது. 2022 ஜூலையில் வெளியான ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் முதற்படங்களுள் ஒன்றான தென்வளைய நெபுலாவிலும், நெபுலாவை உமிழ்ந்தது பிரகாசமாகத் தெரியும் விண்மீன் அன்று, அதன் அருகே தூசு சூழ்ந்து நிற்கும் மங்கலான துணையே என்பது தெளிவாகப் பதிவாகியுள்ளது.

நிறை இழப்பின் வீதத்தை அடிப்படை விதிகளிலிருந்து கணக்கிடுவது இன்றும் கைகூடவில்லை. 1975இல் டீட்டர் ரைமர்ஸ் அளவீடுகளைப் பொருத்தி அமைத்த எளிய வாய்பாடே, சரிப்படுத்தும் எண் ஒன்றோடும் பிற்காலத் திருத்தங்களோடும், பெரும்பாலான கணக்கீடுகளில் தொடர்கிறது. அந்த எண்ணின் சிறு மாற்றம் சூரியக் குடும்பத்தின் முடிவையே மாற்றவல்லது. சூரியன் நிறையை இழக்க இழக்க அதன் பிடி தளர்ந்து பூமியின் பாதை விரியும். அதே வேளையில் சூரியனின் பரப்பும் அப்பாதையை நோக்கி விரிந்துவரும். திருத்திய வாய்பாட்டைக் கையாண்டு 2008இல் ஷ்ரோடரும் ஸ்மித்தும் செய்த கணக்கில், இன்றிலிருந்து ஏறத்தாழ 760 கோடி ஆண்டுகளில் சூரியன் இன்றைய ஆரத்தைப்போல் 256 மடங்காகும்போது, பாதை விரிந்தும்கூட, அலையீர்ப்பின் இழுப்பால் பூமி உள்ளே இழுக்கப்பட்டு அதில் மூழ்குகிறது. நிறை இழப்பு அதைவிட முன்னதாகவும் மிகுதியாகவும் நிகழும் என்று கொள்ளும் கணக்கில் பூமி தப்புகிறது.